ரிமோட் ப்ரொஃபைலிங்கில் ஜாவா கிராஷ் ஆனால்: அறிகுறியைப் பார்த்து வழி பிடிப்பது

“ப்ரொஃபைலரை இணைத்தேன், சர்வர் விழுந்துவிட்டது” என்று ஒருவர் சொன்னால் அதற்குள் மூன்று வெவ்வேறு நிலைமைகள் இருக்கலாம். (ப்ரொஃபைலர் என்பது ஓடும் ஆப் நேரத்தையும் மெமரியையும் எங்கே செலவிடுகிறது என்று அளக்கும் கருவி.) ஜேவிஎம், அதாவது ஜாவா ஆப்பை ஓட்டும் ப்ராசஸ், தானே செத்திருக்கலாம். வெளியிலிருந்து யாரோ அதைக் கொன்றிருக்கலாம். அல்லது ஜேவிஎம் நன்றாக ஓடிக்கொண்டிருக்க, உங்கள் லேப்டாப்புக்கும் அதற்கும் நடுவிலுள்ள இணைப்பு மட்டும் அறுந்திருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு. இதைப் பிரிக்காமல் ப்ரொஃபைலரின் பதிப்பை மாற்றுவது, ஹீப்பை (ஜாவா ஆப்ஜெக்ட்கள் இருக்கும் மெமரிப் பகுதியை) கூட்டுவது என்று இறங்கினால் நாள் முழுக்கப் போய்விடும், கையில் இருந்த ஆதாரமும் அழிந்துவிடும்.

இங்கே நான் மனதில் வைத்திருக்கும் சூழல் இது: லினக்ஸ் சர்வர், அநேகமாக ஒரு கன்டெய்னருக்குள், ஹாட்ஸ்பாட் ஜேவிஎம் (ஓப்பன்ஜேடிகேயில் வருவது), சர்வர் பக்கம் ஏஜென்ட் (ஜேவிஎம்முக்குள் ஏறும் ப்ரொஃபைலரின் லைப்ரரி) அல்லது ஜேஎம்எக்ஸ் (ஜேவிஎம்மைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் இடைமுகம்) போர்ட், உங்கள் மேசையில் விஷுவல்விஎம் போன்ற ஒரு திரை. ஓப்பன்ஜே9 ஓட்டுபவர்களுக்குக் கோப்புகளின் பெயர்கள் மாறும் (அங்கே ஜாவாகோர் என்ற டம்ப் வரும்), ஆனால் யோசிக்கும் முறை அதேதான்.

முதல் வேலை: செத்தது யார்?

சர்வருக்குள் போய் பிஎஸ் கட்டளையில் ப்ராசஸ் எண்ணையும் தொடங்கிய நேரத்தையும் பாருங்கள். அதே எண், பழைய நேரம் என்றால் ஜேவிஎம் சாகவில்லை. நேராக அடுத்த பகுதிக்குப் போய்விடலாம். கன்டெய்னருக்குள் எண் பெரும்பாலும் 1 என்றே வரும் என்பதால், அங்கே தொடங்கிய நேரம்தான் உண்மையைச் சொல்லும். குபர்நெட்டிஸில் (கன்டெய்னர்களை நிர்வகிக்கும் அமைப்பு) பாடின், அதாவது கன்டெய்னர் ஓடும் அலகின், விவரத்தை டிஸ்க்ரைப் செய்து, மறுதொடக்க எண்ணிக்கையையும் கடைசி நிலையில் உள்ள எக்சிட் கோடையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சிக்னலால் செத்த ப்ராசஸின் எக்சிட் கோட் 128 கூட்டல் சிக்னல் எண். 137 என்றால் சிக்கில், அதாவது வெளியிலிருந்து கொலை. 143 என்றால் சிக்டெர்ம். யாரோ மரியாதையாக நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். 134 என்றால் சிக்அபார்ட். இந்த 134தான் பலரைக் குழப்பும். மெமரி தவறால் விழுந்தால் 139, அதாவது சிக்செக்வி, வரவேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். ஆனால் ஹாட்ஸ்பாட் அந்தச் சிக்னலைத் தானே பிடித்து, பிழை லாகை எழுதி முடித்து, பிறகு அபார்ட் செய்துகொள்கிறது. அதனால் ஒழுங்காகச் செத்த ஜேவிஎம் வழக்கமாக 134 காட்டும். 139 வந்தால், ஜேவிஎம்மின் ஹேண்ட்லருக்கே வேலை செய்ய வாய்ப்பு கிடைக்கவில்லையோ, வேறு ஏதோ லைப்ரரி அதைத் தூக்கிவிட்டுத் தன் ஹேண்ட்லரை வைத்துவிட்டதோ என்று சந்தேகிக்க வேண்டும். கன்டெய்னரில் ஜாவாவே 1ஆம் ப்ராசஸாக ஓடினால் இந்தக் கணக்கு கொஞ்சம் பிசகலாம். அப்போது பிழை லாகைத்தான் நம்பவேண்டும்.

அந்த லாகின் பெயர் எச்எஸ்-எர்ர்-பிஐடி என்று தொடங்கும். ஜேவிஎம் எந்த டைரக்டரியில் ஓடியதோ அங்கே இருக்கும். அங்கே எழுத அனுமதி இல்லையென்றால் டெம்ப் டைரக்டரியில் இருக்கும். கன்டெய்னர் மறுபடி எழும்போது இரண்டுமே காணாமல் போகும். ஆகவே எந்தச் சோதனைக்கும் முன்னால் எரர்ஃபைல் ஆப்ஷனில் ஒரு நிலையான வால்யூமின் பாதையைக் கொடுத்துவிடுங்கள். ஜாவா 17 போன்ற பதிப்புகளில் லாகை நேராக ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் கொட்டவைக்கும் எரர்ஃபைல்டுஸ்டட்அவுட் என்ற ஆப்ஷனும் உண்டு. வால்யூம் இல்லாத இடத்தில் இது பெரிய உதவி. இதைச் செய்யாமல் ப்ரொஃபைலரை மறுபடி இணைத்தால், இரண்டாவது கிராஷும் ஒன்றும் சொல்லாமல் போய்விடும்.

அறிகுறி: திரையில் “இணைப்பு அறுந்தது”, ஆனால் ஆப் ஓடிக்கொண்டிருக்கிறது

முதலில் உங்கள் பக்கத்துத் திரையையே சந்தேகியுங்கள். விஷுவல்விஎம்மும் ஒரு ஜாவா ஆப்தான், அதற்கும் ஹீப் எல்லை உண்டு. பல ஜிபி ஹீப் டம்பைத் திறந்தால் திணறுவது அதுதான், சர்வர் அல்ல. அதன் கான்ஃபிக் கோப்பில் எக்ஸ்எம்எக்ஸ் (ஹீப்பின் உச்ச எல்லை) அளவைக் கூட்டுங்கள்.

அடுத்தது ஜேஎம்எக்ஸின் இரண்டு போர்ட் சிக்கல். ஜேஎம்எக்ஸுக்கு என்று நீங்கள் கொடுக்கும் போர்ட் ரெஜிஸ்ட்ரிக்கு மட்டுமே. உண்மையான பேச்சு ஆர்எம்ஐயின் இன்னொரு போர்ட்டில் நடக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் ஜேவிஎம் கண்டபடி ஒன்றை எடுத்துக்கொள்ளும். ஃபயர்வால் அதை விடாது. மேனேஜ்மென்ட் ப்ராப்பர்ட்டிகளில் ஆர்எம்ஐ போர்ட்டையும் வெளிப்படையாகக் கொடுங்கள். இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தாலும் வேலை செய்யும். மூன்றாவது, ஹோஸ்ட் பெயர். சர்வர் தன் முகவரி என்று எதைச் சொல்கிறதோ, அங்கேதான் உங்கள் திரை திரும்ப அழைக்கும். டெபியன் வகை சர்வர்களில் ஹோஸ்ட்ஸ் கோப்பு சொந்தப் பெயரை 127.0.1.1க்குக் காட்டுவது வழக்கம்; உடனே உங்கள் லேப்டாப் தன்னையே அழைத்துப் பார்த்து “கனெக்‌ஷன் ரிஃப்யூஸ்ட்” என்கிறது. ஆர்எம்ஐ சர்வர் ஹோஸ்ட்நேம் ப்ராப்பர்ட்டியைச் சரியாக வைத்தால் தீரும்.

நான் பரிந்துரைப்பது எஸ்எஸ்எச் டனல். ஹோஸ்ட்நேமை 127.0.0.1 என்று வைத்து, இரண்டு போர்ட்டையும் ஒரே எண்ணில் பூட்டி, அந்த ஒற்றைப் போர்ட்டை டனலில் கொண்டுவாருங்கள். லேப்டாப்பிலும் அதே எண்ணையே திறக்கவேண்டும். டனல் சும்மா இருக்கும்போது அறுந்தால் சர்வர்அலைவ்இன்டர்வல் வையுங்கள். பாஸ்வேர்ட் இல்லாத ஜேஎம்எக்ஸ் போர்ட்டை வெளி நெட்வொர்க்குக்குத் திறந்து வைக்கவே வைக்காதீர்கள். அதன் வழியாக வெளியாள் உங்கள் சர்வரில் தன் கோடை ஓட்டமுடியும். “பத்து நிமிஷம்தானே” என்று திறப்பதும் ஆபத்துதான்.

அறிகுறி: ஏஜென்ட் ஆப்ஷனைச் சேர்த்ததும் ஆப் தொடங்கவே மறுக்கிறது

இது கிராஷ் இல்லை. கேட்ட ஏஜென்டை ஏற்றமுடியாவிட்டால் ஜேவிஎம் வேண்டுமென்றே வெளியேறுகிறது, எக்சிட் கோட் 1. “ஏஜென்ட் லைப்ரரி கிடைக்கவில்லை” என்ற வரிக்குப் பின்னால் வரும் பாதி வாக்கியம்தான் முக்கியம்; பலர் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டுப் பாதையைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள்.

பின்பாதியில் “ராங் ஈஎல்எஃப் கிளாஸ்” என்றிருந்தால் 32 பிட் லைப்ரரியை 64 பிட் ஜேவிஎம்மில் மாட்டப் பார்க்கிறீர்கள், அல்லது தலைகீழாக. லைப்ரரி எக்ஸ்86, சர்வர் ஆர்ம் என்பதும் இப்போது சகஜம். ஃபைல் கட்டளை கொடுத்தால் ஒரு வரியில் தெரிந்துவிடும். ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) பதிப்பு எண் ஒன்றைச் சொல்லி “நாட் ஃபவுண்ட்” என்றால் லைப்ரரி புதிய சிஸ்டத்தில் பில்ட் ஆனது, உங்கள் சர்வர் பழையது. “ஃபெயில்ட் டு மேப் செக்மென்ட்” என்றால் டெம்ப் டைரக்டரி நோஎக்ஸெக் ஆப்ஷனோடு மவுன்ட் ஆகியிருக்கிறது. லைப்ரரியை வேறு இடத்தில் வையுங்கள். கோப்பு கண்ணெதிரே இருக்கும்போதே “அப்படியொரு கோப்பு இல்லை” என்றால் அநேகமாக அது ஆல்பைன் இமேஜ். ஆல்பைனில் ஜிலிப்சி கிடையாது, மஸ்ல் தான். ஜிலிப்சிக்குப் பில்ட் செய்த லைப்ரரி தேடும் லோடரே அங்கே இருக்காது. மஸ்லுக்கான ஏஜென்ட் பில்ட் இருந்தால் அதை எடுங்கள், இல்லையென்றால் சோதனைக்கு மட்டும் டெபியன் அடிப்படையிலான இமேஜுக்கு மாறுங்கள். ஒட்டுப்போடும் பேக்கேஜ்களை வைத்து ஏற்றினாலும், சற்று நேரம் ஓடிய பிறகு புரியாத இடத்தில் விழும். மஸ்லில் த்ரெட்டின் இயல்பான ஸ்டாக் அளவு மிகச் சிறியது (128 கேபி). ஏஜென்ட் தானாகத் தொடங்கும் த்ரெட்கள் அதற்குள் அடங்காமல் போகலாம்.

இன்னொரு பொறி, ஜாவா-டூல்-ஆப்ஷன்ஸ் என்ற என்விரான்மென்ட் வேரியபிள். கன்டெய்னரில் ஏஜென்டையும் ஜேஎம்எக்ஸ் போர்ட்டையும் சேர்க்க இது வசதியான இடம்தான். ஆனால் அதே கன்டெய்னரில் நீங்கள் ஜேசிஎம்டி (ஓடும் ஜேவிஎம்முக்குக் கட்டளை அனுப்பும் ஜேடிகே கருவி) அடித்தாலும் அந்தச் சின்ன ஜேவிஎம்மும் இதை எடுத்துக்கொண்டு அதே போர்ட்டைத் திறக்கப் பார்த்து விழும். விழுந்தது கருவிதான், ஆப் அல்ல. கட்டளைக்கு முன்னால் அந்த வேரியபிளைக் காலியாக்கிவிட்டு ஓட்டுங்கள்.

அறிகுறி: ஓடிக்கொண்டிருந்த ஜேவிஎம், அட்டாச் செய்த நொடியே காணாமல் போகிறது

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும், ஏனென்றால் பிழை லாக் எதுவும் இருக்காது.

லினக்ஸில் அட்டாச், அதாவது ஓடும் ஜேவிஎம்மோடு கருவி இணைவது, இப்படி நடக்கிறது: கருவி முதலில் டெம்ப் டைரக்டரியில் .ஜாவா_பிஐடி என்று தொடங்கும் சாக்கெட் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் .அட்டாச்_பிஐடி என்று ஒரு காலிக் கோப்பை வைத்துவிட்டு, ஜேவிஎம்முக்கு சிக்குவிட் சிக்னல் அனுப்பும். ஜேவிஎம் அந்தச் சிக்னலைப் பிடித்து, காலிக் கோப்பைப் பார்த்து, “சரி, என்னை அட்டாச் செய்ய வந்திருக்கிறார்கள்” என்று சாக்கெட்டைத் திறக்கும். கோப்பு இல்லாவிட்டால் வழக்கமான த்ரெட் டம்பைக் கொட்டும்.

ஜேவிஎம் சிக்குவிட்டைப் பிடிக்கும் நிலையில் இல்லாதபோதுதான் விபரீதம். லினக்ஸில் அந்தச் சிக்னலின் இயல்பான விளைவு ப்ராசஸைக் கொல்வது. இது இரண்டு விதமாக நடக்கும். ஒன்று, ஜேவிஎம் எழுந்துகொண்டிருக்கும் முதல் நொடிகளில், ஹேண்ட்லர் பதியும் முன்பே சிக்னல் வந்துவிடுவது. ஆப் தொடங்கியதும் தானாக அட்டாச் செய்யும் ஸ்கிரிப்ட்களில் இது அவ்வப்போது நடக்கும், எப்போதும் நடக்காது; அதனால்தான் பிடிபடாது. இன்னொன்று, எக்ஸ்ஆர்எஸ் ஆப்ஷன். சிக்னல்களை ஜேவிஎம் தொடவேண்டாம் என்பது அதன் பொருள். அது இருந்தால் ஹாட்ஸ்பாட் சாக்கெட்டைத் தொடக்கத்திலேயே திறந்து வைத்துவிடும், அதனால் சிக்னலுக்குத் தேவையே வராது. ஆனால் பல நாள் ஓடிய சர்வரில், பழைய டெம்ப் கோப்புகளைச் சுத்தம் செய்யும் வேலை அந்தச் சாக்கெட் கோப்பையும் துடைத்துவிட்டால்? கருவி சாக்கெட்டைக் காணாமல் சிக்குவிட்டை அனுப்பும். ஜேவிஎம் அங்கேயே சாகும்.

இதை அட்டாச் செய்யும் முன்பே பார்த்துவிடலாம். ப்ராக் கோப்பு முறையில் அந்த ப்ராசஸின் ஸ்டேட்டஸ் கோப்பைத் திறந்து, சிக்சிஜிடி என்ற வரியைப் பாருங்கள். ப்ராசஸ் எந்தெந்தச் சிக்னல்களைப் பிடிக்கிறது என்பதன் பதினாறடிமான எண் அது. கடைசி இலக்கம் மட்டும் போதும். ஒழுங்காக எழுந்த ஹாட்ஸ்பாட்டில் அது எஃப் என்று முடியும்: 1, 2, 3, 4 ஆகிய நான்கு சிக்னல்களும் பிடிபடுகின்றன, 3தான் சிக்குவிட். எக்ஸ்ஆர்எஸ் இருந்தால் 8 என்று முடியும். முதல் மூன்றும் பிடிபடவில்லை என்று பொருள். 8ஐப் பார்த்தால், சாக்கெட் கோப்பு இருக்கிறதா என்று உறுதி செய்யாமல் அட்டாச் செய்யாதீர்கள். புதிய ஜேடிகேக்களின் கருவிகள் இந்த வரியைத் தாங்களே பார்த்துவிட்டுத்தான் சிக்னல் அனுப்புகின்றன. பழைய கருவிகளிடம் அந்த எச்சரிக்கை கிடையாது.

சாகாமல், “சாக்கெட்டைத் திறக்க முடியவில்லை” என்று மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம். பயனர் வேறாக இருக்கும். ஜேவிஎம் எந்தப் பயனரின் பெயரில் ஓடுகிறதோ அதே பெயரில் கட்டளையை ஓட்டுங்கள். சிஸ்டம்டி சர்வீஸில் ப்ரைவேட்டெம்ப் போட்டிருந்தால் சர்வீஸின் டெம்ப் வேறு, உங்கள் டெம்ப் வேறு. ஜாவா 21 முதல், ஓடும் ஜேவிஎம்மில் ஏஜென்டை ஏற்றினால் ஒரு எச்சரிக்கை வரும். அது வெறும் எச்சரிக்கைதான். கிராஷுக்குக் காரணம் அதுவல்ல.

அறிகுறி: ஓரளவு ஓடிய பிறகு விழுகிறது, பிழை லாக் இருக்கிறது

ஆதாரம் கையில் இருப்பதால் இதுதான் இருப்பதிலேயே நல்ல நிலைமை. லாக் ஆயிரக்கணக்கான வரி இருக்கும். முதல் திரையே முக்கால்வாசி சொல்லிவிடும்.

“ப்ராப்ளமேட்டிக் ஃப்ரேம்” என்ற வரிக்குக் கீழே ஒற்றை எழுத்தோடு ஒரு வரி இருக்கும். பெரிய சி என்றால் நேட்டிவ் லைப்ரரி. பெரிய வி என்றால் ஜேவிஎம்மின் சொந்தக் கோட். பெரிய ஜே என்றால் கம்பைல் ஆன ஜாவா, சின்ன ஜே என்றால் இன்டர்ப்ரெட்டரில் ஓடும் ஜாவா. சின்ன வி என்றால் ஜேவிஎம் உருவாக்கிய ஸ்டப். அதன் பக்கத்திலேயே லைப்ரரியின் பெயர் இருக்கும். கூடவே சிக்னல் விவர வரியில் உள்ள முகவரியையும் பாருங்கள்: பூஜ்யம் அல்லது அதற்கு மிக அருகில் என்றால் நல் பாயிண்டர்.

பெரிய சி, லைப்ரரி ப்ரொஃபைலருடையது. வழக்கு நேரடியானது. ஏஜென்டின் பதிப்பும் லேப்டாப்பில் உள்ள திரையின் பதிப்பும் ஒன்றா என்று பாருங்கள். ஒரே நிறுவனத்துக் கருவியாக இருந்தாலும், சர்வரில் பழைய ஏஜென்ட், மேசையில் புதிய திரை என்று கிடப்பதுண்டு. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.

பெரிய சி, ஆனால் லைப்ரரி வேறு ஏதோ ஒன்று: டேட்டாபேஸ் டிரைவர், கம்ப்ரஷன், இமேஜ் ப்ராசஸிங். ப்ரொஃபைலர் இல்லாதபோது அது விழவே இல்லை என்றால், சந்தேகிக்கவேண்டியது சிக்னல்களை. சாம்ப்ளிங் ப்ரொஃபைலர் நொடிக்குப் பல தடவை சிக்ப்ராஃப் சிக்னல் அனுப்புகிறது. ஒவ்வொன்றும் நடுவில் இருக்கும் சிஸ்டம் காலை இடைமறிக்கக்கூடும். ஈஇன்டர் (EINTR, சிக்னல் குறுக்கிட்டது) என்ற பிழையோடு திரும்பும் அழைப்பை மறுபடி முயற்சி செய்யாமல் தோல்வியாக எடுத்துக்கொள்ளும் லைப்ரரி அப்போது தடுமாறும். சாம்ப்ளிங் இடைவெளியைக் கூட்டினால் விழும் தடவைகள் குறைகின்றனவா என்று பாருங்கள். குறைந்தால் காரணம் கிட்டத்தட்ட உறுதி. சிக்செக்வி ஹேண்ட்லரையே மாற்றிவைக்கும் லைப்ரரிகள் இன்னும் மோசம், ஏனென்றால் ஹாட்ஸ்பாட் அந்தச் சிக்னலைத் தன் அன்றாட வேலைக்கே பயன்படுத்துகிறது: நல் சோதனையும் சேஃப்பாயிண்ட் (த்ரெட்டைப் பாதுகாப்பாக நிறுத்தக்கூடிய இடம்) சோதனையும் அதை நம்பியிருக்கின்றன. எக்ஸ்செக் ஜேஎன்ஐ ஆப்ஷன் கொடுத்தால் ஹேண்ட்லர் மாறியிருப்பதை ஜேவிஎம் சொல்லிவிடும். லிப்ஜேசிக் லைப்ரரியை எல்டி-ப்ரீலோடில் போட்டால் ஹேண்ட்லர்கள் ஒன்றன் பின் ஒன்றாகக் கோக்கப்படும்.

பெரிய வி, லிப்ஜேவிஎம். ஸ்டாக்கில் (எந்த மெத்தட் எதை அழைத்தது என்ற அடுக்கில்) கொஞ்சம் கீழே அசிங்க்-கெட்-கால்-ட்ரேஸ் என்ற பெயர் தென்பட்டால் விஷயம் இதுதான்: ஜேவிஎம்டிஐ என்ற அதிகாரபூர்வ இடைமுகத்தில் ஸ்டாக்கைக் கேட்டால் பாதுகாப்பாகக் கிடைக்கும், ஆனால் சேஃப்பாயிண்டில் மட்டுமே கிடைக்கும். அதனால் சூடான லூப்புகள் இருக்கும் இடம் தவறாகத் தெரியும். அதைத் தவிர்க்கத்தான் அசிங்க்-ப்ரொஃபைலர் போன்றவை இந்தப் பின்வாசலைப் பயன்படுத்துகின்றன. ஆனால் அது எந்த ஜாவா வரையறையிலும் இல்லாத அழைப்பு. சிக்னல் எந்த இன்ஸ்ட்ரக்‌ஷனிலும் வந்து விழலாம்; ஒரு மெத்தட் தன் ஃப்ரேமைப் பாதி கட்டியிருக்கும் கணத்தில் வந்தால், ஸ்டாக்கில் ஏறுபவர் படி இல்லாத இடத்தில் கால் வைக்கிறார். எத்தனையோ பாதுகாப்புகளைச் சேர்த்தும் சில ஜேடிகே பதிப்புகளில் ஓட்டைகள் மிச்சமிருக்கின்றன. அதனால் அதே ஜேடிகே வரிசையின் கடைசி அப்டேட்டுக்குப் போவது இங்கே உண்மையான மருந்து. அசிங்க்-ப்ரொஃபைலரில் சிஸ்டாக் ஆப்ஷனில் விஎம் என்று கொடுத்தால், அந்த அழைப்பைத் தொடாமல் தன் சொந்த வழியில் ஸ்டாக்கை ஏறும். அதையும் முயலலாம்.

அதே லிப்ஜேவிஎம், ஆனால் மெத்தட் பெயர் கேட்கும் இடத்தில் விழுகிறது என்றால் கிளாஸ் அன்லோடிங்கைப் பாருங்கள். ஏஜென்ட் பிடித்து வைத்திருக்கும் மெத்தட் ஐடி, அந்தக் கிளாஸ் அன்லோட் ஆனதும் செல்லாததாகிவிடும். ஹாட் டிப்ளாய் செய்யும் ஆப் சர்வர்களிலும், ஓடும்போதே கிளாஸ் உருவாக்கும் ஸ்கிரிப்ட் இன்ஜின்களிலும் இது தலைகாட்டும். கிளாஸ்அன்லோடிங்கை அணைத்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். விழாவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது, ஆனால் அதை அப்படியே விட்டுவிடாதீர்கள், மெட்டாஸ்பேஸ் (கிளாஸ் விவரங்கள் இருக்கும் மெமரி) வீங்கும்.

“கரன்ட் த்ரெட்” சி1 அல்லது சி2 கம்பைலர் த்ரெட் என்று இருந்தால், கீழே “கரன்ட் கம்பைல் டாஸ்க்” என்ற வரியில் எந்த மெத்தட் என்பது இருக்கும். இன்ஸ்ட்ரூமென்டேஷன் (அளப்பதற்காக மெத்தட்களுக்குள் கோட் சேர்ப்பது) செருகிய பைட்கோட் மெத்தடின் வடிவத்தை மாற்றிவிட்டதால் கம்பைலரின் ஒளிந்திருந்த பிழை வெளியே வந்திருக்கலாம். கம்பைல்கமாண்டில் எக்ஸ்க்லூட் கொடுத்து அந்த மெத்தடை மட்டும் ஒதுக்கினால் வேலை நடக்கும்.

சிக்னல் சிக்பஸ் என்றால் டிஸ்க்கைப் பாருங்கள். மெமரியில் மேப் செய்த கோப்புக்குப் பின்னால் இடம் இல்லாதபோது வருவது அது. ப்ரொஃபைலரின் வெளியீடு டெம்ப் டைரக்டரியை நிரப்பிவிட்டது என்றால், அங்கேயே கோப்பை மேப் செய்து வைத்திருக்கும் ஜேவிஎம்மும் மாட்டிக்கொள்ளும்.

எந்த வழக்கானாலும், “டைனமிக் லைப்ரரீஸ்” பட்டியலில் எத்தனை ஏஜென்ட்கள் ஏறியிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். கண்காணிப்புக்காக ஆபரேஷன்ஸ் குழு போட்ட ஏபிஎம் ஏஜென்ட் ஒன்று ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும், டெவலப்பருக்குத் தெரிந்திருக்காது. இரண்டுமே சிக்ப்ராஃபைப் பிடிக்கலாம், இரண்டுமே ஒரே கிளாஸை மாற்றி எழுதலாம். ஒன்றை இறக்கிவிட்டுச் சோதியுங்கள். நான் எப்போதும் லாகின் முதல் திரைக்கு அடுத்தபடியாகப் பார்ப்பது இந்தப் பட்டியலைத்தான்.

அறிகுறி: 137, பிழை லாக் இல்லை

சிக்கிலைப் பிடிக்கவே முடியாது, அதனால் லாக் எழுத வாய்ப்பே இல்லை. டிமெசேஜில் (கெர்னலின் லாக்) “மெமரி சிக்ரூப் அவுட் ஆஃப் மெமரி” என்ற வரி இருக்கிறதா பாருங்கள்; குபர்நெட்டிஸில் காரணம் ஓஓஎம்கில்ட் என்று நேரடியாகவே எழுதியிருக்கும்.

கணக்கு எளிது. கன்டெய்னருக்கு 2 ஜிபி, ஹீப்புக்கு 1536 எம்பி என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் மிச்சம் 512 எம்பி: மெட்டாஸ்பேஸ், கோட் கேஷ், த்ரெட் ஸ்டாக்குகள், டைரக்ட் பஃபர்கள். 64 பிட் எக்ஸ்86 லினக்ஸில் ஒரு த்ரெட் ஸ்டாக்கின் இயல்பான எல்லை 1 எம்பி; முழுதாகத் தொடப்படாவிட்டாலும் நூற்றுக்கணக்கான த்ரெட்கள் சேர்ந்தால் கணிசம். அந்த மிச்சத்துக்குள் ப்ரொஃபைலரும் தன் பஃபர்களையும் கால் ட்ரீக்களையும் திணிக்கிறது. நேட்டிவ் மெமரி ட்ராக்கிங்கை ஓட்டிப் பார்த்து “எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது” என்று நம்பிவிடாதீர்கள். ஜேவிஎம் தன் கையால் வாங்கியதைத்தான் அது எண்ணும். ஏஜென்ட் நேராக மலாக்கில் வாங்கியது அதன் கணக்கில் வராது. ப்ராசஸின் ஆர்எஸ்எஸ் (உண்மையில் பிடித்திருக்கும் மெமரி) அளவுக்கும் அந்தக் கணக்குக்கும் உள்ள வித்தியாசம் அட்டாச் செய்த பிறகு எவ்வளவு வளர்கிறது என்பதைப் பாருங்கள்.

ஹீப் டம்ப் எழுதும்போது மட்டும் விழுந்தால், டம்ப் போகும் இடம் டிஎம்பிஎஃப்எஸ்ஸா (மெமரியிலேயே இருக்கும் கோப்பு முறை) என்று பாருங்கள். மெமரியில் வைக்கும் எம்ப்டிடிர் வால்யூமில் 1 ஜிபி டம்ப் எழுதினால் அந்த 1 ஜிபியும் கன்டெய்னரின் மெமரிக் கணக்கில்தான் ஏறும். உண்மையான டிஸ்க்குக்கு மாற்றுங்கள். மற்றபடி, ப்ரொஃபைல் செய்யும் நேரத்துக்குக் கன்டெய்னர் எல்லையைக் கூட்டுங்கள், ஹீப்பை அல்ல. எக்ஸ்எம்எக்ஸைக் கூட்டினால் மிச்சம் இன்னும் சுருங்கும்.

அறிகுறி: முதலில் தொங்குகிறது, அரை நிமிடத்தில் மறுதொடக்கம்

எக்சிட் கோட் 143 அல்லது 137, ஆனால் மெமரி நன்றாகவே இருக்கிறது. கொன்றது லைவ்னெஸ் ப்ரோப், அதாவது ஆப் உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் சோதனை. குபர்நெட்டிஸின் இயல்பான அமைப்பில் 10 விநாடிக்கு ஒரு தடவை கேட்கும், 1 விநாடியில் பதில் வரவேண்டும், தொடர்ந்து மூன்று தடவை வராவிட்டால் கொல்லும். ஹீப் டம்ப் எடுக்கும்போது எல்லா ஜாவா த்ரெட்டும் நிற்கும். ஆயிரக்கணக்கான கிளாஸ்களை ஒரே மூச்சில் இன்ஸ்ட்ரூமென்ட் செய்யும்போதும் இப்படித்தான். பெரிய ஹீப்புக்கு அரை நிமிடம் போதாது. பாடின் ஈவென்ட்டுகளில் ப்ரோப் தோல்வி பதிவாகியிருக்கும். ஒரு பாடை மட்டும் டிராஃபிக்கிலிருந்து விலக்கி, ப்ரோபைத் தளர்த்தி, அதில் எடுங்கள். சிஸ்டம்டியில் வாட்ச்டாக்செக் வைத்திருந்தாலும் இதே கதை.

அறிகுறி: ஜேவிஎம் உயிரோடு இருக்கிறது, ஆப் பிழைகளைக் கக்குகிறது

இன்ஸ்ட்ரூமென்டேஷன் செய்யும் ப்ரொஃபைலர்களில் மட்டும் வரும். வெரிஃபை எரர் என்றால் செருகிய பைட்கோட் சரிபார்ப்பில் தோற்கிறது. வெரிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள் என்ற பழைய யோசனையைக் கேட்காதீர்கள். ஜாவா 13லிருந்து அந்த ஆப்ஷன் கைவிடப்படும் பட்டியலில் இருக்கிறது, அதோடு ஒழுங்காக வந்த பிழையைக் கண்மூடித்தனமான கிராஷாக மாற்றிவிடும். “மேஜர் வெர்ஷன் 65” என்று புலம்பினால் ஆப் ஜாவா 21க்குக் கம்பைல் ஆனது, ப்ரொஃபைலருக்கு அது புரியவில்லை (61 என்றால் ஜாவா 17). ப்ரொஃபைலரின் சொந்தக் கிளாஸ் கிடைக்கவில்லை என்று நோகிளாஸ்டெஃப் எரர் வந்தால் அது அநேகமாக ஓஎஸ்ஜிஐ (ஒவ்வொரு மாட்யூலுக்கும் தனி கிளாஸ்லோடர் வைக்கும் அமைப்பு) ஆப்பாக இருக்கும். பூட்-டெலிகேஷன் ப்ராப்பர்ட்டியில் ப்ரொஃபைலரின் பேக்கேஜைச் சேருங்கள். ஸ்டாக்ஓவர்ஃப்ளோ எரர் என்றால் ஒவ்வொரு அழைப்பிலும் கூடிய சுமைதான் காரணம். எக்ஸ்எஸ்எஸ்ஸை (த்ரெட் ஸ்டாக்கின் அளவை) கூட்டுவதைவிட, ஃபில்டர் போட்டு உங்கள் சொந்தப் பேக்கேஜ்களை மட்டும் இன்ஸ்ட்ரூமென்ட் செய்வதே நல்லது.

இதெல்லாம் பார்த்தும் நிற்கவில்லை என்றால்

ப்ரொடக்‌ஷனில் இதோடு மல்லுக்கட்டாதீர்கள். ஜேஎஃப்ஆருக்கு (ஜேவிஎம்முக்குள்ளேயே இருக்கும் ஃப்ளைட் ரெக்கார்டர்) மாறுங்கள். ஜாவா 11லிருந்து எல்லோருக்கும் திறந்த மூலமாகவே இருக்கிறது, ஜாவா 8இலும் 262ஆம் அப்டேட்டிலிருந்து உண்டு. வெளி ஏஜென்ட் எதுவும் ஏற்றவேண்டாம். சர்வரிலேயே ஜேசிஎம்டியில் ரெக்கார்டிங்கைத் தொடங்கி, முடிந்ததும் கோப்பை லேப்டாப்புக்கு எடுத்துவந்து மிஷன் கன்ட்ரோலில் திறக்கலாம். நெட்வொர்க் இணைப்பு என்ற சிக்கலே கிடையாது. ஜாவா 25இல் சாம்ப்ளிங்கின் அடிப்படையே மாறியிருக்கிறது: சிக்னல் வந்த கணத்தில் இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு, ஸ்டாக்கை அடுத்த சேஃப்பாயிண்டில் ஏறுகிறது. மேலே சொன்ன பாதி கட்டிய ஃப்ரேம் ஆபத்து அதோடு பெரும்பாலும் போய்விடுகிறது.

பிழையை ப்ரொஃபைலர் தயாரிப்பாளருக்கோ ஓப்பன்ஜேடிகேவுக்கோ தெரிவிக்கப் போகிறீர்கள் என்றால் முழு லாகையும் கொடுங்கள். முதல் இருபது வரியை மட்டும் ஒட்டினால் திரும்பக் கேட்பார்கள். ஆனால் அனுப்பும் முன் ஒரு தடவை படித்துப் பாருங்கள். ஜேவிஎம் ஆர்க்யுமென்ட்ஸ் என்ற வரியில் உங்கள் கட்டளை வரி அப்படியே இருக்கும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மைனஸ் டி ப்ராப்பர்ட்டியாகக் கொடுத்திருந்தால் அதுவும் அங்கே இருக்கும். அதை அழித்துவிட்டு அனுப்புங்கள். கோர் டம்பையும் ஹீப் டம்பையும் எந்தப் பொது இடத்திலும் ஏற்றாதீர்கள். ஆப் மெமரியில் வைத்திருந்த வாடிக்கையாளர் விவரங்கள் அத்தனையும் அவற்றில் இருக்கும்.